காந்தம் அணைவதில்லை

இரவு பதினொன்றுக்கு மேல் அந்த அறை என்னுடையது.
வாசலில் ஒரு தட்டு. அதில்
சாவி, கைக்கடிகாரம், கொண்டை ஊசி மூன்று.
பிளாஸ்டிக் வாளி, பிளாஸ்டிக் பிடி போட்ட துடைப்பான்.
மோதிரம் மட்டும் விரலிலேயே இருக்கலாமாம்,
தங்கத்தை அது சீண்டாது.
ஏன் சீண்டாது?
வேலைக்குச் சேர்ந்த அன்றே தொடங்கிவிட்டேன்.

நோயாளி இல்லாத நேரத்திலும் எதற்கு இந்தக் கெடுபிடி என்றேன்.
ஸியெமோவித் ரொட்டியை மென்றபடி சொன்னான்:
"விளக்கை அணைப்போம், கதவைப் பூட்டுவோம்.
காந்தத்தை அணைக்கமாட்டோம், கெனோவெஃபா."
அப்படியானால் ஞாயிற்றுக்கிழமைகளில்,
கிறிஸ்துமஸ் இரவில்,
இழுக்க ஆளில்லாமல்
அது என்னதான் செய்துகொண்டிருக்கும்?
தோளைக் குலுக்கினான்.
சுவருக்குப் பின்னால் குளிரூட்டும் பம்ப்
சிக்… சிக்… என்றது
தூக்கத்தில் பல் கடிப்பவனைப் போல.

நான் கேட்கப் பிறந்தவள்.
பள்ளியில் அதற்காகவே கடைசி பெஞ்ச்.
நூற்பாலையில் பன்னிரண்டு வருடம்
கேட்டேன், கேட்டேன்,
தறிச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.
ஆலை மூடியது. கேள்வி மூடவில்லை.

மைக்ரோவேவ் கதவு வழியே
சூப் சுற்றுவது தெரிகிறதே,
வெளிச்சம் வருகிற துளையில் சூடு ஏன் வருவதில்லை?
ஜனவரியில் டிராம் நிறுத்தத்தில்
மரப்பலகை பொறுத்துக்கொள்கிறது, இரும்புக் கைப்பிடி கடிக்கிறது.
இரண்டும் ஒரே குளிரில்தானே விடிய விடிய நின்றன?
எங்கள் ஊர் வூட்ச். படகு என்று அர்த்தம்.
பேரில் படகு இருக்கிறது, ஆறு எங்கே?

இது ஒன்றுக்கு ஸியெமோவித் உடனே பதில் வைத்திருந்தான்:
தெருவுக்கு அடியில், குழாய்க்குள்.

இன்னொரு நாள்:
கொண்டை ஊசியைப் பறிக்கிற காந்தம்
என் ரத்தத்து இரும்பை ஏன் விட்டுவைக்கிறது?
"அது வேறு மாதிரி இரும்பு."
இரும்பிலுமா வேண்டியவர், வேண்டாதவர்?
சிரித்துவிட்டான். "இது தேடுவது இரும்பை இல்லை.
தண்ணீரை.
உடம்புத் தண்ணீரைக் கொஞ்சம் திருப்பிவிட்டு
அது பழையபடி திரும்பும்போது முனகுவதை ஒட்டுக்கேட்கிறது."
என் வாளித் தண்ணீரையுமா?
மெல்லுவதை நிறுத்தினான்.
"…ம். அதையும்தான்."

அன்று வாளியை நடுவில் வைத்துக் குனிந்து பார்த்தேன்.
நுரை. ஒரு தலைமுடி. விளக்கின் நெளிவு.
தண்ணீர் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

பிப்ரவரியில் தலைவலி வந்தது, போகவில்லை.
நான் துடைத்த படுக்கையில் நானே படுத்து
உள்ளே போனேன்.
மூக்குக்கு ஒரு சாண் மேலே
இடது ஓரம் ஒரு கறை. வெட்கமாகிவிட்டது.
பிறகு அந்தத் தட்டல்!
மூடிய ஆலையை யாரோ திறந்து
எல்லாத் தறியையும் ஒன்றாய் ஓட்டுவதுபோல்.
அசையாதே என்றார்கள். வாய்தானே அசையக்கூடாது.
காலையில் குடித்த தேநீரும் இப்போது திரும்புகிறதா,
இல்லை, அது இன்னும் நானாகவில்லையா?

டாக்டர் குல்பிந்ஸ்கா திரையில் படங்களை உருட்டினார்.
குறுக்கே அரிந்த முட்டைக்கோஸ், என் தலை.
"ஒன்றும் இல்லை" என்றார்,
பரிசு விழுந்ததைச் சொல்லும் குரலில்.
ஒன்றுமில்லாதது இவ்வளவு வலிக்குமா, டாக்டர்?
பேனாவைத் திறந்தார். மூடினார்.
"தெரியவில்லை."
அந்த ஒரு சொல்லுக்காக
அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.
மாத்திரை மட்டும் சாப்பாட்டுக்குப் பின்.

திரும்பும் டிராமில், இருட்டு ஜன்னலில்
என் முகம் இரண்டாக இருந்தது.
ஒன்று சற்றுத் தள்ளி, கொஞ்சம் மங்கி.
ஏன் இரண்டு என்று வாய்விட்டே கேட்டிருக்கிறேன்.
பக்கத்துப் பையன் காதிலிருந்ததைக் கழற்றினான்.
"ஜன்னலில் ரெண்டு கண்ணாடி இருக்கு, அதான்."
சரி, இதில் வலிக்கிறது எது?
பதில் இல்லை. நகர்ந்து உட்காருவான் என்று நினைத்தேன்.
அவன் ஜன்னலருகே முகத்தைக் கொண்டுபோனான்,
ஒரு கண்ணை மூடினான், விரல் விட்டு எண்ணினான்.

"எனக்கு மூணு தெரியுதே" என்றான்.