கீழ்வீட்டு மோட்டார்

என் கைப்பேசியில் ஆயிரத்து இருநூற்றுப் பதினேழு படங்கள்.
எல்லாம் ஒரே படம்:
சிவப்பு சிலிண்டர், அதன் தலையில் ரெகுலேட்டர்,
குமிழ் மூடிய பக்கம் திரும்பியிருக்கும்.

தண்டையார்பேட்டை ஸ்டேஷன் வரை வந்து
படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன்.
மூடியிருக்கிறது.
இது இன்றைய படம்தானா?
தேதி இன்றையதுதான்.
எடுத்த பிறகு கை பட்டிருந்தால்?
எட்டு பன்னிரண்டு வண்டி போய்விடும்.
நான் வீட்டுக்கு நடப்பேன்.

மூன்று மாடி ஏறி குமிழைத் தொட்டு
மூடு மூடு மூடு மூடு, நாலு தடவை.
நடுவே பக்கத்து வீட்டுக் குக்கர் கூவினால்
முதலிலிருந்து.

கணக்குத் தெரியாதவள் இல்லை நான்.
பாரிமுனையில் ஒரு காகிதக் கடையின் பேரேடு முழுக்க என் கையெழுத்து,
பத்து வருஷத்தில் ஒரு ரூபாய் பிசகியதில்லை.
கண் கொண்டுபோய்க் கொடுப்பதை
உள்ளே யாரோ வாங்கிவைக்க மறுக்கிறார்கள்.

மனசுக்குத் திடம் வேணும் என்கிறான் அண்ணன் அற்புதராஜ்.
எத்தனை மில்லிகிராம் என்று கேட்க
வாய் வரைக்கும் வந்தது.

கீழ்ப்பாக்கத்தில் டாக்டர் மெஹருன்னிசா
சீட்டின் பின்பக்கம் இரண்டு வட்டம் போட்டார்,
நடுவில் ஒரு சந்து.
இந்தப் பக்கம் விடுகிற செரட்டோனின்
அந்தப் பக்கம் போய்ச் சேரும் முன்னே
திரும்ப உறிஞ்சப்படுகிறது என்றார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் கீழ்வீட்டு பாக்கியநாதன் சார்
மெட்ரோ வாட்டர் குழாயில் திருட்டு மோட்டார் வைத்திருக்கிறார்.
விடிகாலை நாலரைக்குத் தண்ணீர் விடுவார்கள்,
என் குடத்தில் உர்ரென்று காற்று இறங்கும்.

கிட்டத்தட்ட, என்றார். ஆனால் இங்கே
விட்டவரேதான் திரும்ப எடுக்கிறார்.
மாத்திரை அந்த மோட்டாரை அடைக்கும்.

அப்போ அதனால்தான் எனக்கு இப்படியா?

பேனாவை மூடினார்.
(டக்கென்று கேட்டதா என்று கவனித்தேன்.)
அப்படிச் சொல்லிவிட முடியாதும்மா.
அடைத்தால் நிறையப் பேருக்குக் குறைகிறது.
ஏன் குறைகிறது என்பது
இன்னும் முழுசாகத் தெரியாது.

தெரியாது என்ற சொல்லை இவ்வளவு சாதாரணமாக
யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.
சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.
வைத்தேனா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

முதல் வாரம் குமட்டல்.
மூன்றாவது வாரமும் குமட்டல்தான்.
மாத்திரை போட்டேனா என்று
காலி அட்டையைப் படம் எடுக்கத் தொடங்கினேன்.
அதைச் சொன்னபோது டாக்டரும் சிரித்தார்,
பிறகு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்:
ஒரே தடவை பார்.
சந்தேகம் வரும்.
வரட்டும், உட்காரச் சொல்,
காபி மட்டும் கொடுக்காதே.

ஒன்பதாவது வாரம், செவ்வாய்க்கிழமை.
ஒரே படம். கை ஆடி மங்கலாக விழுந்தது.
குமிழ் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.
எட்டு பன்னிரண்டில் ஏறிவிட்டேன்.
உள்ளங்கை வியர்த்துக் கம்பி வழுக்கியது.

கொருக்குப்பேட்டை தாண்டும்போது
ஜன்னல் வழியே கேஸ் வாசனை மாதிரி ஏதோ.
மணலிப் பக்கத்துக் காற்று, என்றாள்
பூக்கூடை வைத்திருந்தவள், யாரும் கேட்காமலே.

இருக்கலாம்.