பேர் வைக்காத குழம்பு

கொருக்குப்பேட்டையில் கேட் போட்டுவிட்டான்.
கூட்ஸ் வண்டி, தலை போய் வெகுநேரமாகியும் வால் வரவில்லை.
சுற்றி நிற்கிற பைக்கெல்லாம் உறுமுகின்றன.
எனக்கு மட்டும் அவசரமில்லை.
கடைசி டேங்கர் கடப்பதற்குள்
ராத்திரிக்கு என்ன என்று முடிவாக வேண்டும்.

பையில் முருங்கைக்கீரை ஒரு கட்டு.
ஒரு பக்கம் நசுங்கியதால் பாதி விலைக்கு வந்த தக்காளி.
இருபது ரூபாய்க்குச் சென்னாக்குன்னி.
வீட்டில் ரேஷன் பருப்பு இருக்கிறது.
நேற்றரைத்த மாவு இந்த வெயிலுக்கு
மூடியைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்திருக்கும்.
தேங்காய் இல்லை.
தேங்காய் விலையை நினைக்கக் கூடாதென்று
பொட்டுக்கடலை டப்பாவை முன்னால் நகர்த்தி வைத்திருக்கிறேன்.

நாள் முழுக்க நோட்டுப்புத்தகம் ஒட்டிய கை.
சோப்பு போட்டாலும் பசை நாற்றம் போகாது,
வெங்காயம் அரிந்தால்தான் போகும்.

குக்கரில் பருப்பு, நாலு விசில்.
மேல்தண்ணீர் ரசத்துக்கு.
அடிக்கெட்டி, பந்தாடிவிட்டு வரும் கிஷோருக்கு.
அவன் பசிக்கு அண்டாவையே கடிப்பான்.
நடுவில் உள்ளது கீரையோடு சேர்ந்து மாமனார் தட்டுக்கு,
அவருக்குச் சர்க்கரை, சோறு ஒரு கரண்டிதான்,
இன்னொரு கரண்டிக்காக என் முகத்தையே பார்ப்பார்.
அடுப்பில் ஒரு பக்கம் பாதிதான் எரியும்.
அந்தப் பாதியில் தோசைக்கல்.

“மறுபடியும் தோசையா?”
“தோசை இல்லடி, ஊத்தப்பம்.”
“நேத்தும் வட்டம், இன்னிக்கும் வட்டம்.”
ஜோவிதா கணக்கில் தொண்ணூறு வாங்குகிறவள்.
ஏமாற்றுவது கஷ்டம்.

அதனால்தான் பேர் வைக்க ஆரம்பித்தேன்.
பேர்தான் இருக்கிற மசாலாவிலேயே மலிவு.
நேற்றைய சாம்பாரில் கத்தரிக்காய் விழுந்து
காரம் ஏறித் திரும்பி வந்தால் மறுபிறவி.
மாதக் கடைசியில்
ஒவ்வொரு காயிலும் ஒரு துண்டு மிஞ்சிய கூட்டு, கும்பல்.
காசிமேட்டில் படகெல்லாம் கட்டிக் கிடக்கும் மாசத்தில்
மீன் குழம்பு கொதிக்கும்போது
மீனுக்குப் பதிலாய் முட்டையை உடைத்து ஊற்றுவேன்.
அதற்குத் தடைக்காலம் என்று பேர்.
கிஷோர் அதைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான்,
வஞ்சிரம் வந்த நாளிலும்.

டெல்லிபாபு இரண்டு நாளாக
எண்ணூர் சாலை வரிசையில் நிற்கிறான்,
துறைமுகத்துக்குள் போக முடியாத கண்டெய்னரோடு.
ஒன்பது மணிக்குப் போன்.
“இன்னிக்கு இன்னா செஞ்ச?”
ரசம் தாளித்துக்கொண்டே சொன்னேன்,
“கறி வறுவல்.”
“வாசன இங்க வர வருது.”
“நீ சாப்ட்டியா?”
“ஃபுல் மீல்ஸ்மா. அப்பளத்தோட.”
அவனுக்குப் பின்னால் ஒரு குரல்,
ரெண்டு பன்னு ஒரு டீ, சில்லறையா குடுண்ணே.
எனக்குக் கேட்கவில்லை.
என் பக்கத்தில் கடுகு வெடித்தது
அவனுக்கும் கேட்டிருக்காது.

ஒன்றரை மணிக்குக் கதவைத் தட்டாமல் சுரண்டினான்.
டீசல் வாசனை, காலர் முழுக்க உப்பு.
பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள் என்று
சமையல் மூலையில் மட்டும் விளக்கு.
சென்னாக்குன்னியை வறுத்து
நசுங்கின தக்காளியில் புரட்டி
கொஞ்சம் ரசத்தையே ஊற்றிக் கொதிக்கவிட்டேன்.
செய்முறை கேட்டால் எனக்கே தெரியாது.
கறியைப் பற்றி அவன் கேட்கவில்லை.
மீல்ஸைப் பற்றி நானும்.

தட்டைச் சாய்த்து விரலால் வழித்தான்.
“இதுக்கு இன்னா பேரு?”

“இன்னும் வெக்கல.
கைய கழுவாத.
கல்லுல இன்னொண்ணு இருக்கு.”