கொம்பு ஒரு பக்கம்

சிலிம் ரிவரில் எங்கள் தமிழ்ப்பள்ளிக்குச்
செம்பனை ஆலை கழித்துப் போட்ட கணினிகள்
பதினொன்று.
எடைமேடையில் லாரி நிறுக்கும் வேலை முடிந்து
சனிக்கிழமைதோறும்
அவற்றை எழுப்பப் போகிறேன்.

விண்டோஸுக்குக் காசில்லை.
லினக்ஸ் இலவசம் என்றேன் பெற்றோர் கூட்டத்தில்.
கைதட்டினார்கள்.
எந்த லினக்ஸ் என்று
அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

தஞ்சோங் மாலிமிலிருந்து வந்த பிரதீபன்
மூன்றில் உபுண்டு போட்டான்.
மறுவாரம் மரியநாதன் வந்து
"ஐயோ, இதையா போட்டீங்க?" என்று
இரண்டைத் துடைத்து மின்ட் ஏற்றினார்.
தலைமையாசிரியரின் மருமகன் நான்கில் ஃபெடோரா.
ஆ லோக் பேசவே இல்லை.
மூலையில் உட்கார்ந்து
விடிய விடிய ஒரே பெட்டியில் ஆர்ச் கட்டினான்.
அதை எப்படி அணைப்பதென்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
மீதி மூன்றும் எழவில்லை.
அந்த மூன்றில்தான் சண்டை இல்லை.

துண்டாடல் இந்த ஊருக்குத் தெரிந்த சொல்தான்.
வெள்ளைக்காரன் விற்றுப்போன தோட்டத்தைப்
பத்து ஏக்கர் இருபது ஏக்கராய் அறுத்ததில்
பள்ளியின் வாசல் ஒருவர் துண்டில்,
கக்கூஸ் இன்னொருவர் துண்டில்.
பெஞ்சு வாங்கக்கூட
இரண்டு பேரிடம் கையெழுத்து.

இங்கே அதுகூட இல்லை.
கையெழுத்துப் போட ஆளே கிடையாது.

பிரிண்டர் பேசுவது ஃபெடோராவோடு மட்டும்.
தமிழ் ஒழுங்காக விழுவது மின்ட்டில் மட்டும்.
கோமளவல்லி டீச்சர் இங்கே தட்டி,
பென்டிரைவில் தூக்கிக்கொண்டு நாலு மேசை தாண்டி
அங்கே அச்சடிப்பார்.
இந்த வாரம் அதுவும் போயிற்று.
'கொடுக்கப்பட்ட சொற்களைக் கொண்டு
வாக்கியம் அமை' என்ற வரியில்
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
நடுவே
புள்ளி புள்ளியாய் ஒரு வெற்று வட்டம்.
க எங்கே போனதென்று தெரியவில்லை.

பிழை என்று எழுதிப் போட்டேன்.
எழுத்துரு செய்தவர் டெஸ்க்டாப்பைக் காட்டினார்.
டெஸ்க்டாப்காரர் வழங்கலைக் காட்டினார்.
வழங்கல்காரர்
அடுத்த பதிப்புக்கு மாறச் சொன்னார்.
மாறினேன்.
பிரிண்டர் போயிற்று.

"உள்ளே எல்லாம் ஒண்ணுதானே லா?" என்றார் டீச்சர்.
"ஆமாம் டீச்சர், கெர்னல் ஒன்றுதான்."
"அப்புறம் வெளியே என்ன?"
சுதந்திரம் என்றேன்.
பிடிக்காவிட்டால் யாரும் பிரிந்து போகலாம்,
தனியாகச் செய்துகொள்ளலாம்.
சொல்லும்போதே நாக்கு உறுத்தியது.
பிடிக்கலைன்னா போய்க்கோ என்று
என் அம்மாவிடம் மண்டோர் சொன்னதும்
ஏறக்குறைய இதே சொற்கள்.

திங்கட்கிழமை சோதனை.
ஒருவழியாகப் பிரிண்டரை எழுப்பி
முப்பத்து நான்கு தாள் எடுத்தேன்.
ஒரு தாளுக்கு இரண்டு வட்டம்.
டீச்சர் நீலப் பேனாவை எடுத்து
அறுபத்தெட்டு வட்டத்துக்குள்ளும்
ஒவ்வொன்றாய்
க எழுதினார்.
நான் மின்விசிறியை அணைத்தேன்,
தாள் பறக்காமல் இருக்க.

எல்லாவற்றிலும் ஒன்றையே போட்டுவிடுவதுதான் வழி.
தெரிகிறது.
எதை என்று டீச்சர் கேட்டார்.

வீட்டில் என் லேப்டாப்பில் ஓடுவது
இவற்றில் எதுவுமில்லை.
டெபியன்.
ஏன் என்று கேட்டால்
ஒரு மணி நேரம் பேசுவேன்.