முதல் கண்ணுக்கு அடியில்

முள்ளிமுனைக் கழியின் மேல் மூன்று கண் பாலம்.
முதல் கண்ணுக்கு அடியில்
சாரத்தில் கட்டிய பலகையில்
சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
மூக்குக்கு ஒரு சாண் எதிரே டயல் கேஜ்.
அதன் முனை உத்தரத்தின் வயிற்றைத் தொட்டிருக்கிறது,
வலிக்குதா என்று கேட்பதுபோல.

இங்கிருந்து பார்த்தால் கண்டல் வேர், சேறு,
வத்தத்தில் மாட்டிய மடவைக் குஞ்சு.
மேல்தளம் தெரியாது. லாரி தெரியாது.
என் வேலைக்கு அவை தெரியவும் வேண்டாம்.

மணல் லாரி வரவில்லை.
தொண்டியில் ஏதோ பர்மிட் தகராறாம்.
சீனி நெய்னாவின் ஐஸ் லாரியைப் பிடித்து
எடைமேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கி
அக்கரையில் நிறுத்தியிருக்கிறார்கள்.
பதினாறு டன், சொச்சம்.
"உருகுறதுக்குள்ள முடிங்க" என்கிறார் போனில்.
என்னிடமா பாலத்திடமா, தெரியவில்லை.

கிளாட்வின் தளம் முழுக்கச் சாக்பீஸால்
மீட்டருக்கு ஒரு கோடு போட்டிருக்கிறான்.
கோட்டுக்குக் கோடு லாரி நிற்கும்.
அவன் எண்ணைக் கத்துவான்.
நான் முள்ளைப் படிப்பேன்.

மூன்றாம் கண்ணின் நடுவில் லாரி.
இங்கிருந்து ஐம்பது மீட்டர்.
என் முள் கீழே போகிறது:
முப்பத்தெட்டு.
மில்லிமீட்டரை நூறாக்கினால் வரும் கணக்கு அது;
தலைமுடி நாலைந்தை அடுக்கிய கனம்.

தூணுக்கு மேல் வந்தது.
முள் பூஜ்யத்தருகே.
பதினாறு டன்னும் எங்கும் போய்விடவில்லை,
தூண் வாங்கிக்கொண்டது.
எனக்குத் தகவல் இல்லை, அவ்வளவுதான்.

பிறகு நடுக்கண்.
பக்கத்தில் பாரம் ஏறினால்
நாமும் சேர்ந்து தாழ்வோம் என்றுதானே நினைப்போம்.
என் உத்தரம் எழும்புகிறது.
தூணில் முதுகை ஊன்றி
அந்தப் பக்கம் அமுங்க, இந்தப் பக்கம் நிமிர்கிறது.
புத்தகத்தில் எத்தனையோ முறை வரைந்த வளைவு.
ஆனாலும் முள் எதிர்த்திசையில் ஓடுவதைப் பார்க்க
வயிற்றில் என்னவோ செய்தது.
நூற்றிருபது. கழித்தல் குறி போட்டு எழுதினேன்.
கொழுந்தனுக்குக் கடன் ஏறிய மாதம்தான்
வீட்டில் என் சம்பளத்துக்கு மரியாதை ஏறியது.
அதற்கும் இதே குறிதான்.

இப்போது தலைக்கு மேலேயே சக்கரம்.
வடிகுழாய் வழியே ஐஸ் தண்ணீர்
பிடரியில் ஒழுகுகிறது.
இருநூறு. இருநூற்று எண்பது. முந்நூற்று ஐம்பது.

ஒற்றைக் கண் பாலத்துக்கு ஒரு விதி உண்டு:
பாரமெல்லாம் சேர்ந்து விழும் புள்ளியும்
அதை ஒட்டிய சக்கரமும்
நடுவுக்கு இருபுறமும் சம தூரத்தில் நின்றால்தான்
வளைவுத் திருப்பம் உச்சம் தொடும்,
அதுவும் அந்தச் சக்கரத்தின் காலடியில்.
பாரம் சரிநடுவில் நின்றால் அல்ல.
பரீட்சையில் இதை மறந்து எட்டு மார்க் விட்டேன்.

"இருபது!" "இருபத்தொண்ணு!"
முந்நூற்று எழுபத்தொன்று.
அதற்கு மேல் போகவில்லை.

லாரி இங்கே நின்றால்
பாலம் முழுதும் என்ன ஆகும் என்பது ஒரு படம்.
லாரி எங்கெங்கே நின்றால்
இந்த ஓர் இடம் என்ன ஆகும் என்பது வேறொரு படம்.
இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும்.
குழப்பிக்கொண்டவர்கள் நிறைய.
நனைந்த நோட்டில் நான் வரைந்தது இரண்டாவது.

லாரி இறங்கிப் போனது.
முள் திரும்பியது, ஆறில் நின்றது.
டீ குடித்து வந்து பார்த்தபோது இரண்டு.
அந்த இரண்டையும் எழுதினேன்.

மறுபடி எடை போட்டதில் நானூற்று முப்பது கிலோ குறைவு.
அதில் கொஞ்சம் என் ரவிக்கைக்குள்.
முதல் வரியிலிருந்து திருத்தவேண்டும்,
எந்தக் கோட்டில் எவ்வளவு உருகியது என்று.
நெய்னா ஐஸுக்குப் பில் எழுதச் சொல்கிறார்.

கேஜைக் கழற்றக் கை வைத்தேன்.
முள் அசைந்தது.
மேலே, அரைக் கோடு. அதுகூட இல்லை.

"கிளாட்வின், மேல யாரு?"
"சவேரியம்மா. நண்டுக் கூடையோட."
"நடுக்கண்ணுலயா போறாங்க?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை.
"ஆமா... ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"