ஏறும் வேகம்

சீனி நைனாவின் வேன் வந்து நின்றபோது
அதன் தளம் தரையிலிருந்து இரண்டடி உயரம்.
சக்கர நாற்காலிக்கு அது ஒரு மாடி.
இரண்டு பேர் தூக்கி உள்ளே வைப்பார்கள்,
இரண்டு பேர் தூக்கி வெளியே வைப்பார்கள்.
"மூட்டை மாதிரி" என்றார்.
வேறெதுவும் குறை சொல்லவில்லை.

ரெகுநாதபுரம் முக்கில் என் பட்டறை.
மீன் லாரிக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும்
காற்றுப்பை மாட்டத் தெரிந்தவன்
இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான்.
கடலோர வண்டிக்குப் பட்டை ஸ்பிரிங் ஆகாது,
உப்பு தின்று பாளம் பாளமாக உரியும்.
காற்றை உப்பு தின்னாது என்பேன்.
(காற்றைச் சுற்றியிருக்கும் அத்தனையையும் தின்னும் என்பதை
ரசீது போட்ட பிறகு சொல்வேன்.)

மதுரையில் கழித்துப்போட்ட ஒரு வேனின் பைகள் இரண்டு
என்னிடம் கிடந்தன.
கறுப்பு ரப்பர், சின்ன இட்லிப் பானை அளவு.
பின் அச்சில் உட்கார வைத்தேன்.
ஒரு பித்தானை அழுத்தினால்
பெருமூச்சு விட்டு வேன் பின்பக்கம் தாழும்;
பலகையை விரித்தால் நாற்காலி
யார் தயவுமில்லாமல் உருண்டு ஏறும்.
இன்னொன்றை அழுத்தினால் வண்டி எழும்.

காட்டினேன். நாலே விநாடி.
படக்கென்று எழுந்து ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.
டிரைவர் பையன் அஸ்லம் விசிலடித்தான்.
லாரிக்காரர்கள் இதற்குத்தான் காசு தருவார்கள்.

நைனா வண்டியைப் பார்க்கவில்லை.
மூலையில் தடதடத்த கம்ப்ரசரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"பஞ்சர் கடைக்காரன் காத்தடிக்கிறது இதுதானே?"
ஆமாம்.
"போட்டுலயும் இதுதான் இருந்துச்சு.
இதே நீலம்."

தீவுகளைத் தாண்டி, தென்கடலில்,
பன்னிரண்டு பாகம் ஆழத்தில்,
ஹோஸைப் பல்லால் கடித்துக்கொண்டு
சங்கு பொறுக்கியிருக்கிறார்.
இடுப்புப் பையில் அன்றைக்கு நாற்பது.
மேலே கம்ப்ரசர் இருமி நின்றது.
அதோடு நிறுத்திக்கொண்டார்.
நானும் கேட்கவில்லை.
கேஜில் முள் சட்டென்று விழுவதைத்
தினமும் பார்க்கிறவன் நான்.
ரப்பர் தாங்கும்.

"மெதுவா ஏறணும், தம்பி."
எவ்வளவு மெதுவாக?
கட்டைவிரலால் விரல்கணுக்களைத் தொட்டுத் தொட்டு
என்னவோ கணக்குப் போட்டார்.
"ரெண்டு நிமிசம்."

இருபது வருடத் தொழிலில்
வேகத்தைக் குறை என்று கேட்ட முதல் ஆள்.
அதுவரைக்கும் தெருவில நிக்கணுமே பாய், என்றேன்.
"நிக்கச் சொன்னா எனக்குக் கசக்குமா?"
அவரே முதலில் சிரித்தார்.
அஸ்லம் சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தான்.

பழைய பைக் ஒன்றின் கார்பரேட்டரில்
ஜெட்டைக் கழற்றினேன்.
பித்தளை, ஊசி நுழையாத துளை.
பைக்குக் காற்று போகும் குழாயின் தொண்டையில் அதைத் திருகினேன்.
மூன்று ஜெட் மாற்றிப் பார்த்து
சாயங்காலத்துக்குள் கணக்கு சரியாக வந்தது.
இறங்குகிற பக்கம் கை வைக்கட்டுமா என்றதற்கு
"அது கெடக்கட்டும்" என்றார்.
"எறங்குறதுல யாருக்கும் ஒண்ணும் ஆகுறதில்ல."

ஆறு மாதம் கழித்துப் பெரியபட்டினத்தில்
ஜும்மா முடிந்த நேரம்.
சந்தில் அவருடைய வேன்.
பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ, ஐஸ் வண்டி,
ஆரன் மேல் ஆரன்.
அஸ்லம் ஜன்னல் வழியே கையை ஆட்டுகிறான்:
இரு, இரு.
வேன் எழுந்துகொண்டிருந்தது
எழுவதே தெரியாமல்.
மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே
ஒரு விரல். கொஞ்சம் பொறுத்து
இன்னொரு விரல்.

உள்ளே நைனா
நாற்காலிக் கைப்பிடியைப் பற்றி
முகத்தை மேலே தூக்கியிருந்தார்.
உதடு லேசாகத் திறந்திருந்தது,
மூச்சு
கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

பழக்க தோஷம், கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.
இரண்டு நிமிடம் பதினைந்து விநாடி.
ஜெட்டில் உப்பு ஏறத் தொடங்கியிருக்கிறது.

துடைத்துத் தரட்டுமா என்று
கேட்கவில்லை.