ஒன்றை மட்டும் குறியிடவும்

பாயான் லெப்பாஸ், மூன்றாம் கேட்டுக்கு வெளியே
கண்டெய்னர் லாரிகள் திரும்பும் முனையில் அந்த ஆலமரம்.
பேக்கிங் பகுதியில் ஏழாம் எண் இயந்திரம்
மூன்று நாளாய்ப் படுத்துக் கிடக்க,
குவபாரா என்னிடம் வந்தார்:
"ஷிஃப்ட் முடிந்து எல்லாரும் நிற்கிறார்களே,
அங்கே நானும் வரலாமா?"

அறிக்கையில் இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று
நான் கேட்கவில்லை.

குழாயடியில் இடக்கை கழுவினார், பிறகு வலக்கை,
பிறகு வாய்.
"சாப்பிட்டுவிட்டா வந்தார்?" என்றாள்
மீகூன் விற்கும் சியூ லான்.

தகரக் கூரைக்குள் சொங்கோக் அணிந்த டத்தோ கோங்,
அவர் தோளை உரசிக்கொண்டு
விரல் உடைந்த குவான் யின்,
கீழே, யாரோ வீடு மாறும்போது விட்டுப்போன பிள்ளையார்.
வெற்றிலை அவருக்கு, ஆரஞ்சு அம்மாவுக்கு, அவல் இவருக்கு.
எறும்புக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை.

"பன்றி இறைச்சி மட்டும் கூடாது, டத்தோ முஸ்லிம்" என்றேன்.
குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

இரண்டு முறை குனிந்தார்.
இரண்டு முறை கை தட்டினார்.
மைனாக்கள் கிளம்பிப் போயின.
ஒன்றும் எடுத்துப் போகவில்லை என்று
சண்டிகேசுவரருக்கு நாங்கள் தட்டிக் காட்டுவோம்.
இவர் தட்டியது,
வந்திருக்கிறேன் என்று.

மீகூன் சாப்பிடும்போது சொன்னார்.
அவர் ஊரில், குளத்து நடுவே, பென்தென்.
கையில் வீணை மாதிரி ஒன்று.
"உங்கள் சரஸ்வதிதான். சீனா வழியாக வந்தவள்."
புத்தரோடு ஒரே கூரையில் இருந்தாளாம்.
ஒருநாள் அரசாங்கம் பிரிக்கச் சொன்னது:
புத்தர் அந்தப் பக்கம், கமி இந்தப் பக்கம்.
மணியைக் கழற்றி எடைக்குப் போட்டார்கள்.
இவளை எந்தப் பக்கம் வைப்பது?
யாரோ ராத்திரியோடு ராத்திரியாக
அரிசிப் பீப்பாயில் இறக்கினார்கள்.
"மூன்று வருஷம். எலி கடித்த தழும்பு
காலில் இருக்கிறது."

நான் சிரித்துவிட்டு
மரத்தில் ஆணியடித்திருந்த நோட்டீஸைக் காட்டினேன்.
மாநகர் மன்றம். பதினான்கு நாள்.
கூடவே ஒரு பாரம்:
எந்தச் சமயம்? ஒன்றை மட்டும் குறியிடவும்.
குவபாரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி படிக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை
ஏழாம் எண்ணின் சென்சாருக்குள்
ஓர் எறும்பு செத்துக் கிடந்தது.
டிஷ்யூவில் மடித்து எடுத்துக்கொண்டு
அவர் கேட்டைத் தாண்டிப் போனதை
மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

பாரம் சியூ லானிடம் இருக்கிறது,
மீகூன் மூட்டைக்கு அடியில்.
இன்றோடு ஒன்பது நாள்.