வலப்பக்கம் அரை விரல்

மூன்று லட்சத்துப் பதினோராயிரம் கிலோமீட்டர்.
அதில் ஒன்றே முக்கால் லட்சம் ஜப்பானில் ஓடியது,
யார் ஓட்டியதென்று தெரியாது.
மீதி என்னுடையது:
உலான்பாட்டரின் குழிகள்,
குழிகளுக்கு நடுவே அங்கங்கே சாலை.

நவம்பரிலிருந்தே முன்சக்கரம் தட்டிக்கொண்டிருந்தது.
டக்.
வேகத்தடையில் டக், டக்.
திரும்பும்போது தொண்டையைச் செருமுகிற சத்தம், அது தனி.
பயணிகள் காதில் விழாததுபோல் கைபேசியைப் பார்த்தார்கள்.
நான் ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.
அதுவும் ஒரு வைத்தியம்தான்,
மூன்று மாதம் தாங்கியது.

தாவாசம்பூவின் பட்டறை ஒரு கப்பல் பெட்டி.
கடலே இல்லாத நாட்டுக்கு எப்படி வந்து சேர்ந்ததோ.
வெளியே மைனஸ் இருபத்து நான்கு.
உள்ளே கரி அடுப்பு:
கிட்டப் போனால் முகம் வேகும், முதுகு உறையும்.
ஜாக்கி போட்டுத் தூக்கினான்.
கடப்பாறையால் நெம்பிக் காட்டினான்.
புஷ் ரப்பர் பாளம் பாளமாக வெடித்திருந்தது,
பால் ஜாயின்ட் ஆடும் பல்,
ஷாக் அப்சார்பரின் உடம்பெல்லாம் எண்ணெய் வழிந்து
அதன்மேல் ஊர்ப்புழுதி அப்பி.
"இது செத்து ஒரு வருஷம் இருக்கும்" என்றான்.
"பிணத்தின் மேல் உட்கார்ந்து சவாரி போயிருக்கிறாய்."

மேல் நட்டைக் கழற்ற
முதலில் வைப்பரைக் கழற்ற வேண்டும்,
வைப்பருக்குக் கீழுள்ள தகட்டைக் கழற்ற வேண்டும்.
இப்படி யோசித்த பொறியாளனை
ஒரே ஒரு நாள் இந்தக் குளிரில் நிறுத்த வேண்டும்.
தகட்டின் அடியில் ஓர் இலை.
விசிறி வடிவம். மஞ்சள்கூட மங்கவில்லை.
எங்கள் ஊரில் அப்படி மரம் கிடையாது.
குனிந்து பார்ப்பதற்குள்
கம்ப்ரஸர் காற்றை அடித்துவிட்டான்.

இரண்டு ஸ்பிரிங்கையும் தரையில் அருகருகே நிறுத்தினான்.
வலது அரை விரல் குள்ளம்.
"ஜப்பான்காரன் தனியாகவே ஓட்டியிருக்கிறான்.
ஸ்டியரிங் பக்கம் மட்டும் கனம் சுமந்து சுமந்து இறங்கியது இது.
பத்து வருஷம்.
பக்கத்து இருக்கையில் ஒரு கைப்பை இருந்திருந்தால் அதிகம்."
அடுப்பில் இன்னொரு கரிக்கட்டி போட்டான்.
ஆண் என்று எதை வைத்து முடிவு கட்டினான்
என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

இடப்பக்கச் சேதம் என் கைங்கரியம்.
நடுச்சாலையைப் பார்த்து இறங்க வேண்டிய அந்த இருக்கையில்
மடியில் உறைந்த ஆட்டுத்தொடையோடு ஒரு தலைமையாசிரியை,
மனைவியிடம் கேட்கப்போகும் மன்னிப்பை
வழியெல்லாம் ஒத்திகை பார்த்த நூற்று முப்பது கிலோ மல்யுத்தக்காரன்,
பிறகு என் தங்கை எங்க்ஜின்,
பெட்டியோடு கணவன் வீட்டுக்கு,
பெட்டியோடு என் வீட்டுக்கு,
மறுபடியும் பெட்டியோடு.
ஆறு வருஷத்தில் அந்தப் பக்கமும் தீர்ந்தது.

என் கையிலிருந்த காசு ஒரு பக்கத்துக்குத்தான்.
"ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி நொண்டும்.
பழையது செய்யாத வேலையும் புதியதன் தலையில் விழும்.
மாற்றினால் ஜோடியாக."
இரண்டு முறை விவாகரத்தானவன்
இதைச் சிரிக்காமல் சொன்னான்.
பெட்டிக் கதவில் சாக்பீஸால் என் பெயர் ஏறியது,
பக்கத்தில் தொகை,
புத்தாண்டு விருந்துக்கு முன் அழிக்க வேண்டிய தொகை.

மாலை ஐந்தரைக்கு இறக்கினான்.
முதல் குழி.
பல்லைக் கடித்துக் காத்திருந்தேன்.
ஒன்றுமில்லை.
பால்மேல் ஏடு அசைவதுபோல் ஓர் அசைவு, அவ்வளவுதான்.
இரண்டாவது குழியை நானே தேடிப் போனேன்.

பிறகுதான் கேட்டது.
பின்னால், இடப்பக்கம்,
அறுபதைத் தாண்டினால் மட்டும் ஒரு ரீங்காரம்.
பேரிங்.
எத்தனை நாளாக முனகிக்கொண்டிருந்ததோ,
முன்னால் தட்டியவனின் கூச்சலில்.
ரேடியோவை நோக்கிக் கை போனது.
அதற்குள் சந்தை முனையில் ஒருத்தி கை நீட்டினாள்,
இரண்டு பை, ஒரு தூங்கும் குழந்தை.

ஐம்பத்தைந்திலேயே ஓட்டினேன்.